புஷ் ஹவுஸுக்கு அடியில் ஒரு தெரு

இரவு 9.15 ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பேசக் கூடாது. அப்பா சாய்வு நாற்காலியை ரேடியோவுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, சிற்றலை முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார். கடல் இரைவது போன்ற சத்தத்துக்குள்ளிருந்து மெல்ல ஒரு குரல் ஏறி வரும். பிபிசி தமிழோசை. பக்கத்தில் இருக்கும் இலங்கையில் என்ன நடக்கிறது என்பதை, மாயவரத்தில் உட்கார்ந்துகொண்டு, லண்டன் சொல்லித் தெரிந்துகொண்ட காலம் அது. அந்தக் குரல்கள் ‘புஷ் ஹவுஸ்’ என்ற கட்டடத்திலிருந்து வருகின்றன என்று அப்பாதான் சொன்னார். தெரிந்தவர் வீட்டைச் சொல்வது போல அந்தப் பெயரைச் சொல்வார்.

லண்டனுக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகியும், பஸ்ஸில் எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருந்தும், புஷ் ஹவுஸ் வாசலில் நான் இறங்கி நின்றது 2023-இல்தான். அப்பா இல்லை. தமிழோசை வானொலி 2017-லேயே நின்றுவிட்டது. அதற்கும் முன்பு, 2012-இல், பிபிசி உலக சேவை அந்தக் கட்டடத்தைக் காலி செய்துவிட்டது. இப்போது கிங்ஸ் கல்லூரி மாணவர்கள் காபிக் கோப்பையோடு அந்தப் படிகளில் ஏறி இறங்குகிறார்கள். நான் வந்த வேலை பக்கத்துக் கட்டடத்தில், இந்தியத் தூதரகம் இருக்கும் இந்தியா ஹவுஸில். ஊரில் இருக்கும் அப்பாவின் வீட்டை விற்பதற்குத் தங்கைக்கு பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டேன், முத்திரை விழுந்தது, வெளியே வந்துவிட்டேன். உடனே வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. புஷ் ஹவுஸைச் சுற்றி இரண்டு மூன்று தடவை நடந்தேன்.

அன்று இரவு அந்தக் கட்டடத்தின் வரலாற்றைத் தேடியபோதுதான் ஒரு புகைப்படம் கண்ணில் பட்டது. ஒடுக்கமான தெரு. இரண்டு பக்கமும் மரச்சட்டமிட்ட வீடுகள். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட ஓரடி முன்னால் தள்ளி நிற்பதால், மேலே போகப்போக எதிரெதிர் வீடுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன; மிச்சம் இருப்பது ஒரு கீற்று வானம். தெருவின் கோடியில் ஒரு தேவாலயக் கோபுரம். படத்துக்குக் கீழே ‘விச் தெரு’ என்று எழுதியிருந்தது. அப்படி ஒரு தெரு இன்றைய லண்டன் வரைபடத்தில் கிடையாது. அது போன இடத்தில் இப்போது புஷ் ஹவுஸும், ஆஸ்திரேலியா ஹவுஸும், இந்தியா ஹவுஸும் உட்கார்ந்திருக்கும் கல் தீவு இருக்கிறது.

லண்டன் பழக்கமில்லாதவர்களுக்கு இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராண்ட் என்கிற பழைய சாலை நாண் என்றால், ஆல்ட்விச் என்கிற புதிய சாலை வில். இரண்டுக்கும் நடுவில் அரைவட்டமாக மாட்டிக்கொண்ட நிலம்தான் நான் சொல்லும் தீவு. 1900 வரைக்கும் இந்த வில் இல்லவே இல்லை. அதன் இடத்தில் விச் தெரு சாய்வாக ஓடியது. அதற்குத் தெற்கே, ஸ்ட்ராண்டை ஒட்டினாற்போல், ஹோலிவெல் தெரு. வடக்கே கிளேர் மார்க்கெட் என்கிற கசாப்புக் கடைப் பகுதியும் பெயர் சொல்லி மாளாத சந்துகளும். 1666-இல் லண்டனை விழுங்கிய பெருந்தீ கிழக்கே டெம்பிள் பக்கத்திலேயே அடங்கிவிட்டது. அதனால்தான் தீக்கு முந்தைய பாணியில் கட்டிய மரவீடுகள் இந்தப் பகுதியில் விக்டோரியா ராணியின் கடைசிக் காலம் வரை தாக்குப்பிடித்தன. தீ தொடாததை நகராட்சி இடித்தது.

ஒரு பழைய படத்தை வைத்துக்கொண்டு காணாமல் போன தெருவைத் தேட வேண்டும் என்றால் முதலில் வேண்டியது, இன்றும் நிற்கிற ஏதாவது ஒன்று. இந்த விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். ஸ்ட்ராண்டின் நடுவில் இரண்டு தேவாலயங்கள் நிற்கின்றன: கிழக்கே செயிண்ட் கிளெமென்ட் டேன்ஸ், மேற்கே செயிண்ட் மேரி லெ ஸ்ட்ராண்ட். விச் தெருவின் படத்தில் தெருக்கோடியில் தெரிவது கிளெமென்ட் டேன்ஸின் கோபுரம். 1941 மே மாதக் குண்டுவீச்சில் அந்தத் தேவாலயத்தின் உள்பக்கம் முழுக்க எரிந்துபோனது. சுவர்களும் கோபுரமும் பிழைத்தன. அது பிழைக்காமல் போயிருந்தால் என் கையில் இருந்த படம் எந்த ஊர்த் தெருவாகவும் இருந்திருக்கலாம்.

படத்தை ஏ4 தாளில் அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். 2022 முதல் ஸ்ட்ராண்டின் அந்தப் பகுதியில் கார்கள் வருவதில்லை. நடுத்தெருவில் நின்று தாளைத் தூக்கிப் பிடிக்கலாம், யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். கோபுரம் அடுக்கடுக்காகக் கூம்பிக்கொண்டு போகும். படத்தில் எந்த அடுக்கின் எந்த முகம் கேமராவைப் பார்க்கிறது, எந்த முனை எதை மறைக்கிறது என்று பார்த்துவிட்டு, நேரில் அதே முகம் அதே சாய்வில் தெரியும் வரை நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டடி இடது பக்கம் போனால் ஒரு தூண் கூடுதலாகத் தெரியும், வலது பக்கம் வந்தால் மறையும். அப்படி நகர்ந்து நகர்ந்து போனவன் சீக்கிரமே சுவரில் முட்டிக்கொண்டேன். தெரு போன பாதை நேராகக் கட்டடத்துக்குள் போகிறது. கேமரா நின்ற இடம் ஏதோ ஒரு அறைக்குள் இருக்கிறது.

அப்புறம் வரைபடத்துக்குத் திரும்பினேன். பிரிட்டனின் அரசு வரைபடத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே 1890-களில் லண்டனை ஒரு மைலுக்கு ஐந்தடி என்ற அளவில், அதாவது 1,056-இல் ஒரு பங்காக, வரைந்திருக்கிறது. வீட்டு வாசற்படி, விளக்குக் கம்பம், சந்தின் வளைவு எல்லாம் அதில் உண்டு. ஸ்காட்லாந்து தேசிய நூலகம் அதை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தி, எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருக்கிறது. கீழே ஒரு சின்னப் பொத்தானை இழுத்தால் பழைய வரைபடம் மங்கி, புதிய ஊர் தெளியும். திருப்பி இழுத்தால் புஷ் ஹவுஸ் கரைந்து அதற்கடியிலிருந்து விச் தெரு மேலே வரும். எத்தனை இரவுகள் அந்தப் பொத்தானை முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தேன் என்று கணக்கில்லை. கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடுவது. அப்பா முள்ளை நகர்த்தியதும் இதே வேலைதான்.

இந்தப் படங்களையெல்லாம் யார் எடுத்தார்கள், எதற்கு எடுத்தார்கள் என்பது எனக்கு முக்கியமான கேள்வியாகப் பட்டது. செயிண்ட் பால்ஸ் பேராலயத்துக்குப் பக்கத்தில், வாரிக் சந்தில், ஆக்ஸ்ஃபோர்ட் ஆர்ம்ஸ் என்ற பழைய சத்திரம் இருந்தது. நடுவில் முற்றம், சுற்றி மரத்தாழ்வாரங்கள்; குதிரை வண்டிகள் வந்து தங்கும் இடம். 1875-இல் அது இடிபடப் போகிறது என்று தெரிந்ததும் ஆல்ஃபிரட் மார்க்ஸ் என்பவர் சிலரைச் சேர்த்து, இடிவதற்குள் படமாவது எடுத்துவிட ஏற்பாடு செய்தார். சத்திரத்தைக் காப்பாற்ற முடியாது என்பது அவருக்குத் தெரியும். அதில் தொடங்கியதுதான் பழைய லண்டனின் மிச்சங்களைப் படமெடுக்கும் சங்கம். ஆல்ஃபிரட் பூல், ஜான் பூல் இருவரும் முதல் படங்களை எடுத்தார்கள்; பிறகு ஹென்றி டிக்ஸன் வந்தார். 1886 வரைக்கும் மொத்தம் 120 படங்கள். விச் தெருவும் அவற்றில் உண்டு. சாதாரணப் பிரதிகள் வெளிறிப் போகும் என்பதால், நிறம் மங்காத கார்பன் முறையில் அச்சிட்டுச் சந்தாதாரர்களுக்கு அனுப்பினார்கள். அந்த முன்யோசனையால்தான் 150 வருடம் கழித்தும் கறுப்பு கறுப்பாகவே இருக்கிறது.

ஆனால் அவர்களுக்கு வேண்டியது கட்டடம். அந்தக் காலத்து முறையில் சந்துக்குள் இருக்கும் வெளிச்சத்தில் ஒரு படம் பதிய, லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டுப் பல வினாடிகள் காத்திருக்க வேண்டும். நடந்து போனவர்கள் படத்தில் கிடையாது. வண்டிகள் கிடையாது. விக்டோரியா காலத்து லண்டனின் நெரிசலான தெருக்கள் இந்தப் படங்களில் கொள்ளைநோய் வந்து ஊரே காலியானது போல இருப்பதற்குக் காரணம் இதுதான். கொஞ்சம் நின்றுவிட்டு நகர்ந்தவர்கள் புகை போல இருப்பார்கள். கால் இருக்கும், உடம்பு வழியாகப் பின்னால் இருக்கும் செங்கல் தெரியும். முழுதாகப் பதிந்தவர்கள் எல்லாரும் சும்மா நின்றவர்கள்: வாசலில் சாய்ந்து நின்ற கடைக்காரர், கேமராவையே வேடிக்கை பார்த்த பையன், போக்கிடம் இல்லாத கிழவர். வேலையாக ஓடியவர் யாரும் இல்லை.

1900-ஐ ஒட்டி எடுத்த படங்களில் இது மாறிவிடுகிறது. உலர்ந்த ஜெலட்டின் பூசிய கண்ணாடித் தட்டுகள், அந்தக் காலத்து ஃபிலிம், வந்துவிட்டன. நொடிக்குள் படம் பதியும். ஹோலிவெல் தெருவில் திடீரென்று மனிதர்கள் வந்துவிடுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த படங்கள் இவை. தெருவின் இன்னொரு பெயர் புத்தகக் கடை வரிசை. கடைக்கு வெளியே சாய்வுப் பலகைகளில் பழைய புத்தகங்கள் அடுக்கியிருக்கின்றன. தொப்பி போட்ட ஆண்கள் குனிந்து புரட்டுகிறார்கள். ஒருவர் எடுத்த புத்தகத்தை மூடாமல் விரலை நடுவில் வைத்துக்கொண்டு இன்னொன்றைப் பார்க்கிறார். வாங்கப் போகிறாரா, இல்லையா? படத்தைப் பெரிதாக்கினால் அந்த விரல் பொடிப்பொடியாகச் சிதறிவிடுகிறது. இந்தத் தெருவுக்கு நல்ல பெயர் மட்டும் இருந்ததில்லை. முதலில் பழைய துணி வியாபாரம், பிறகு அரசை எதிர்த்த பிரசுரங்கள், பிறகு ஆபாசப் படங்கள். 1857-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஆபாசப் பிரசுரச் சட்டம் கொண்டுவந்ததற்கு இந்த ஒரு தெருவின் வியாபாரம் பெரிய காரணம். மெல்ல மெல்ல அது ஒழுங்கான பழைய புத்தகக் கடைத் தெருவாக மாறி முடித்தபோது, இடிப்பதற்கான உத்தரவு வந்துவிட்டது.

அந்தத் தெருவில் ஒரு கடையின் மேல் பிறைநிலா ஒன்று தொங்கும். மரத்தில் செதுக்கியது. அதற்குக் கண், மூக்கு, வாய் எல்லாம் உண்டு. வீட்டு எண்கள் வருவதற்கு முன்பு கடைகளை இப்படி அடையாளப் பொருளை வைத்துத்தான் சொல்வார்கள். பக்கத்துச் சந்துக்கும் பாதி நிலாச் சந்து என்றுதான் பெயர். எண் போட்ட பிறகும் யாரும் அந்த நிலாவைக் கழற்றவில்லை. எனக்கு அது இரண்டாவது கலங்கரை விளக்கம் ஆனது. நிலா படத்தின் இடது பக்கம் வந்தால் கேமரா எந்தத் திசையைப் பார்க்கிறது, வலது பக்கம் வந்தால் எந்தத் திசை என்று சொல்லிவிடலாம். கண்ணாடித் தட்டைத் தவறாகத் திருப்பி வைத்து அச்சடித்த படங்களும் உலவுகின்றன. அப்படி ஒன்றில் கடைப்பலகை எழுத்துகள் எல்லாம் படிக்க முடியாத அளவுக்குப் பொடியாக இருந்தன. எதிர்ப்பக்கம் தொங்கிய நிலாதான் என்னை எச்சரித்தது.

இந்த வேலையில் பழகப் பழகக் கண் வேறு மாதிரி பார்க்க ஆரம்பிக்கிறது. முதலில் சுவரைப் பார்த்தேன், பிறகு சுவரில் ஒட்டியிருக்கும் காகிதத்தை. விச் தெருவைச் சுற்றி நாடகக் கொட்டகைகள் நிறைய. ஒலிம்பிக், குளோப், ஓபரா கோமிக். குளோபும் ஓபரா கோமிக்கும் ஒட்டிக்கொண்டு ஆட்டம் கண்ட நிலையில் நின்றதால் ‘ஆடும் இரட்டையர்’ என்று ஊரே கூப்பிட்டது. அந்த நாடகங்களின் சுவரொட்டிகள் படங்களில் இருக்கின்றன. நாடகத்தின் பெயர் படிக்க முடிந்தால், அது எந்த மாதம் ஓடியது என்று அந்தக் காலப் பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தேதியை நெருக்கிவிடலாம். சுவரொட்டி வாசல் கதவின் மேலேயே ஒட்டியிருந்தால் அந்த வீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம். இதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். புரிந்த பிறகு அதே படங்களைத் திரும்பப் பார்த்தேன். எந்தக் கதவில் முதலில் ஒட்டினார்கள், எந்தக் கதவு கடைசி வரை திறந்திருந்தது என்று பார்க்கப் பார்க்க வயிற்றைப் பிசைந்தது.

இடித்தது லண்டன் கவுண்டி கவுன்சில். ஹோபர்னையும் ஸ்ட்ராண்டையும் இணைக்க ஓர் அகலச் சாலை வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. போக்குவரத்து நெரிசல் ஒரு காரணம். அழுக்குச் சந்துகளைத் துடைத்தெறிய வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. 28 ஏக்கர் நிலம் காலியானது. 100 அடி அகலத்தில் கிங்ஸ்வே சாலை, அதன் காலடியில் ஆல்ட்விச் வில். 1905 அக்டோபர் 18 அன்று ஏழாம் எட்வர்ட் மன்னர் வந்து திறந்துவைத்தார். வீடு இழந்தவர்கள் 3,000-க்கும் மேல். அவர்களுக்கு மாற்று வீடாக கிளெர்கன்வெல் சாலையில் போர்ன் எஸ்டேட் என்ற குடியிருப்பைக் கவுன்சில் கட்டியது. உண்மையிலேயே நல்ல கட்டடங்கள்; இன்றும் மனிதர்கள் வாழ்கிறார்கள். ஆனால் சந்தில் ஓர் அறையில் வார வாடகைக்கு இருந்த குடும்பத்துக்கு அந்தப் புதுவீட்டு வாடகை எட்டாது. அவர்கள் பக்கத்துச் சந்துகளுக்குப் போய் இன்னும் நெருங்கி உட்கார்ந்துகொண்டார்கள். விக்டோரியா காலத்து ‘நகர மேம்பாடு’ எங்கே நடந்தாலும் இந்தக் கதைதான்.

அந்தச் சந்துகள் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. வெயில் எட்டாத அறைகள், பல குடும்பங்களுக்கு ஒரே கழிப்பறை. அந்த மரவீடுகளின் அழகைப் பார்த்து உருகுகிறவர்கள் அங்கே ஒரு இரவு படுத்திருக்க மாட்டார்கள். நானும் படுத்திருக்க மாட்டேன். என் வருத்தம் வேறு. இத்தனை படங்கள் எடுத்தார்கள், கவுன்சிலே இடிக்கும் முன்பு ஆள் வைத்துப் படம் எடுத்தது. ஆனால் ஒரு படத்திலும் இவர் இன்னார், இந்த வீட்டுக்காரர் என்று எழுதவில்லை. ‘விச் தெருவில் பழைய வீடுகள்.’ அவ்வளவுதான். பெயர் வேண்டும் என்றால் தபால் அலுவலக டைரக்டரியைத் தனியாகப் புரட்ட வேண்டும். அதில் வீட்டு எண் வாரியாகக் கடைக்காரர் பெயரும் தொழிலும் இருக்கும். கடை வைத்திருந்தவருக்கு அதில் இடம் உண்டு. மாடியில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அதிலும் இல்லை. அவர்களை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் தேட வேண்டும். விச் தெருவில் வாழ்ந்தவர்களில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே பெயர் ஜேக் ஷெப்பர்ட். ஒரு தச்சரிடம் தொழில் பழக வந்த பையன்; திருடனாகி, ஒரே வருடத்தில் நான்கு முறை சிறையிலிருந்து தப்பி, 1724-இல் 22 வயதில் தூக்கில் தொங்கியவன்.

தெருவே போனாலும் அதன் பெயரில் ஒரு துண்டு பிழைத்திருக்கிறது. புதுச் சாலைக்குப் பெயர் வைக்கும்போது ‘ஆல்ட்விச்’ என்ற பழைய சொல்லைத் தேடி எடுத்தார்கள். பழைய குடியிருப்பு என்று பொருள். ‘விச்’சும் அதே சொல்லின் மிச்சம்தான். ரோமானியர்கள் விட்டுப்போன மதிலுக்கு வெளியே, இதே பகுதியில், ஆங்கிலோ சாக்ஸன் காலத்து லண்டன் இருந்தது என்பது 1980-களின் அகழாய்வுகளில்தான் உறுதியானது. பெயருக்கு அது ஆயிரம் வருடமாகத் தெரிந்திருக்கிறது. ஹோலிவெல் என்றால் புனிதக் கிணறு. ஆஸ்திரேலியா ஹவுஸின் அடித்தளத்தில் இன்றும் ஒரு கிணறு இருக்கிறது, தண்ணீரோடு.

போன மாதம் மறுபடி அங்கே போயிருந்தேன். மாலை நேரம். ஆல்ட்விச் வில்லைத் தாண்டி வடக்கே நடந்தால் கிளேர் மார்க்கெட் என்ற பெயர்ப்பலகை இருக்கிறது. கசாப்புக் கடைகள் இல்லை, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. விக்டோரியா காலத்துச் சமூக ஆய்வாளர் சார்லஸ் பூத் தெருத் தெருவாக ஆள் அனுப்பி லண்டனின் வறுமைக்கு வண்ணம் தீட்டிய வரைபடங்களும் குறிப்பேடுகளும் அந்தக் கல்லூரி நூலகத்தில்தான் பத்திரமாக இருக்கின்றன. ஏழைகள் போன பிறகு அவர்களைப் பற்றிய காகிதங்கள் அந்த இடத்துக்குக் குடிவந்துவிட்டன. கொஞ்சம் தள்ளி போர்ட்ஸ்மவுத் தெருவில், மேல்மாடி முன்னால் தள்ளிய ஒரு குட்டி வீடு தனியாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. விச் தெரு முழுக்க எப்படி இருந்திருக்கும் என்று நேரில் பார்க்க எனக்குக் கிடைத்த ஒரே வீடு அது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். திரும்பி புஷ் ஹவுஸ் வாசலுக்கு வந்து, தங்கையை அழைத்தேன்.

வீடு அடுத்த வாரம் கைமாறுகிறது. “ஒரு படம் எடுத்து அனுப்பும்மா,” என்றேன்.

“வீட்டையா அண்ணா? அதான் நூறு படம் இருக்கே.”

“வீடு வேண்டாம். தெருவை எடு. எதிர்வீட்டுத் திண்ணையில ஏறி நின்னு எடு. கோபுரம் வர்ற மாதிரி.”

மறுநாள் வந்தது. கோபுரம் பாதிதான் வந்திருக்கிறது, மேலே மின்கம்பிகள் குறுக்கே ஓடுகின்றன. ஒரு சைக்கிள் பாதித் தெருவில் மங்கலாகப் பறக்கிறது. பால் பாக்கெட்டோடு ஒரு அம்மாள் நின்று கேமராவையே பார்க்கிறார். நான் எந்தெந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பினாள். முதல் வீடு, இரண்டாவது வீடு, பெயர், தொழில், எத்தனை பிள்ளைகள். மூன்றாவது வீட்டில் நிறுத்தினாள். “இது பூட்டிக் கிடக்குண்ணா. முன்னாடி யாரு இருந்தாங்கன்னு கேட்டுச் சொல்றேன்.”